மாளிகைமேட்டுக் கைகாட்டி

அத்தியாயம் 9

பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் நான்கே பேர் கிளம்பினார்கள்.

திருப்பூரிலிருந்து தங்கை ஜெயசித்ராவும் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அதை நம்பித்தான் பரிமளாவின் கணவர் மணிவேல் தன் சிநேகிதர் கலையரசனிடம் சொல்லி அந்த வேனை இரவலாக வாங்கி வைத்திருந்தார். அவளோ கடைசி நேரத்தில், மாமியாருக்குக் காய்ச்சல், நகர முடியாது என்று அழாத குறையாகப் போனில் சொல்லிவிட்டாள்.

"ஆனா ஒண்ணுக்கா. அங்க நடக்குறத அப்பப்ப எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும். இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது."

தொடர்ந்து வாசித்து வருகிறவர்களுக்கு அங்கே என்ன நடக்கப் போகிறது என்பது தெரியும். புதிதாக வருகிறவர்களும் தயங்க வேண்டாம். வேனில் எட்டு இடம் காலியாகத்தான் இருக்கிறது.

பரிமளாவின் அண்ணன் சாமிதுரைக்கு நாற்பத்தேழு வயது. பஸ் டிரைவர். அப்பா இறந்த வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தவர், இரண்டு தங்கைகளையும் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது மீசையில் வெள்ளை விழுந்திருந்தது. பெரம்பலூர் துறைமங்கலத்தில் பரிமளா வீட்டு மாடி அறைதான் இப்போது அவர் வாசம். சமையலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சிரித்துப் பேசுவார். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும். போன மாதம் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ இந்தப் பேச்சு வந்துச்சு, வேற ரூம் பாத்துக்கிட்டுப் போயிடுவேன் பரிமளா."

சொன்னால் செய்கிற மனிதர். அதனால் இந்தத் தடவை பரிமளா பேச்சையே எடுக்காமல் நேராகக் காரியத்தில் இறங்கியிருந்தாள்.

போஸ்ட் ஆபீஸில் அவளுக்குப் பக்கத்து கவுண்டரில் இருக்கும் சுமதிக்குச் சொந்த ஊர் தா.பழூர். அவள் மூலமாக வந்த சம்பந்தம்தான் லீலாவதி. வயது நாற்பத்திரண்டு. கணவர் மஞ்சள் காமாலையில் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. நர்சிங் படிக்கிற ஒரே மகள். மாளிகைமேட்டில், சோழர்களின் அரண்மனை இருந்த இடத்தில், அகழாய்வு நடக்கும் மாதங்களில் மண் வேலைக்குப் போகிறவள். "போட்டோவெல்லாம் வேணாம். ஆள நேர்ல பாத்துப் பேசிக்கிறேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

குடியரசு தினம் திங்கட்கிழமை வந்ததில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு. பரிமளா திட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை கங்கைகொண்ட சோழபுரம் கோயில், மாளிகைமேடு, பொன்னேரிக் கரை. வேன் ஓட்டப் போவது சாமிதுரை. பெண் பார்க்கப் போவதும் அவரேதான். இந்த இரண்டாவது விஷயம் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

* * *

அரியலூரைத் தாண்டும் வரை சிமென்ட் லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது.

"லீவு நாள்லகூட ஸ்டியரிங்க எந் தலையில கட்டிட்டீங்க" என்று சாமிதுரை சிரித்தார். நல்ல மனநிலையில் இருந்தார். விடியற்காலை நாலரைக்கே எழுந்து எலுமிச்சம்பழ சாதமும், உருளைக்கிழங்குப் பொடிமாஸும், சின்ன வெங்காயத் தொக்கும் செய்து மூன்று டப்பாக்களில் அடைத்து வைத்திருந்தார். "ஆமா, இந்தச் சட்ட எப்ப எடுத்த பரிமளா? கையெல்லாம் அளவு எடுத்தாப்ல இருக்கு."

"அது... ஆடித் தள்ளுபடியில எடுத்தேண்ணே."

"இது தை மாசம்."

"குடுக்க மறந்துட்டேன்."

முன் சீட்டிலிருந்து மணிவேல் திரும்பினார். ரகசியம் காப்பது என்பது அவருக்கு எப்போதுமே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம். "சும்மா சொல்லக்கூடாது மச்சான். இந்த நீலச் சட்டையில நீங்க அப்படியே புது மாப்..."

பின்னாலிருந்து பரிமளாவின் கை நீண்டு அவர் தோளைப் பிடித்துத் திருகியது.

"...புது மாதிரி இருக்கீங்க" என்று முடித்தார் மணிவேல்.

"அம்மா, அப்பாவ எதுக்குக் கிள்ளுறீங்க?" என்றாள் இலக்கியா. எட்டாவது படிக்கிறாள். எதையும் ஒளிக்காத சத்தம் அவளுக்கு.

"கொசு."

சாமிதுரை கண்ணாடியில் ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். ஜெயங்கொண்டத்தில் டீ குடித்துவிட்டு மறுபடி ஏறியபோது மட்டும் அவர் பேச்சு குறைந்துவிட்டதைப் பரிமளா கவனித்தாள். மீன்சுருட்டி போகும் சாலையில், மாளிகைமேட்டுக்குப் பிரியும் கைகாட்டியைக் கடக்கும்போது அவர் வேனை ஏனோ மெதுவாக்கி, அந்த ஓரத்தையே பார்த்துவிட்டுப் பிறகு வேகம் எடுத்தார்.

"முன்னாடி இந்த ரூட்லதான மச்சான் ஓட்டுனீங்க?" என்றார் மணிவேல்.

"ஆமா. ரெண்டு வருசம் ஆச்சு விட்டு."

கோயிலில் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. இலக்கியா சிங்கக் கிணற்றுப் படியில் இறங்கி ஏறி, நந்திக்கு முன்னால் நின்று, கோபுரம் முழுசாக விழவேண்டும் என்று மணிவேலைப் புல்தரையில் படுக்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். பரிமளா சாமியை வேண்டிக்கொண்டதைவிட வாட்சைப் பார்த்ததுதான் அதிகம். மாளிகைமேட்டுக்குப் பத்தரைக்கு வருவதாகப் பேச்சு.

எதேச்சையாகச் சந்திப்பதுபோல் இருக்க வேண்டும் என்று, "அட, நீங்க நம்ம சுமதிக்குத் தெரிஞ்சவங்கதான?" என்ற வாக்கியத்தை அவள் வீட்டில் கண்ணாடி முன்னால் மூன்று தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

* * *

அரண்மனை என்று இலக்கியா எதையோ நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். இறங்கிப் பார்த்தால், தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. அதற்குக் கீழே பள்ளம். பள்ளத்தில் செங்கல் வரிசைகள், முழங்கால் உயரத்துக்கு.

"அவ்வளவுதானா?" என்றாள்.

கொட்டகை நிழலில் குடையை மடக்கியபடி ஒருத்தி நின்றிருந்தாள். கரும்பச்சைப் புடவை, ரப்பர் செருப்பு, வெயிலில் நின்று நின்று கறுத்த உறுதியான முகம். பரிமளா முகத்தில் ஆச்சரியத்தை வரவழைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அந்தப் பெண் அவளைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாண்டி, வேன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த சாமிதுரையைப் பார்த்தாள்.

"நிக்காமப் போற பஸ்ஸு இன்னைக்கு நின்னுடுச்சா?"

சாமிதுரையின் கை சாவியோடு அப்படியே நின்றது. "நீங்களா?" என்றார்.

பரிமளாவுக்கு ஒரு நொடி நம்பிக்கை எட்டிப் பார்த்தது. "ரெண்டு பேருக்கும் முன்னாடியே பழக்கமா?"

"பழக்கந்தாங்க" என்றாள் லீலாவதி. "இவரு மேல புகார் எழுதிக் குடுத்தவ நாந்தான்."

"மெமோ வாங்குனவன் நான்" என்றார் சாமிதுரை.

மணிவேல் சிரிக்க ஆரம்பித்து, வேறு யாரும் சிரிக்காததால் இருமலாக மாற்றிக்கொண்டார்.

விஷயத்தை லீலாவதியே சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலை முடிந்து ஏழு பெண்கள் கைகாட்டியில் சாயங்கால பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ் வந்தது. நிற்காமல் போனது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும். மூன்று நாளும் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோட்டில் நடந்தே போனார்கள். நாலாம் நாள் லீலாவதி நடுரோட்டில் போய் நின்றுவிட்டாள். பஸ் அவளுக்கு மூன்று அடி தள்ளி நின்றது. ஏழு பேரும் ஏறினார்கள். மறுநாள் காலை அவள் டிப்போவுக்கே போய் ஒரு முழுப் பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தாள்.

"பேரு தெரியாது. பஸ் நம்பரத்தான் எழுதினேன். ஆனா மொகம் மறக்கல."

சாமிதுரை ஒரு வார்த்தையும் மறுக்கவில்லை. "இன்னைக்கு எதேச்சையா வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"என்னையப் பாக்க ஒருத்தர் வராருன்னு சுமதி சொன்னா. பத்தரைக்கு வரச் சொன்னா. வந்தேன்." பொய் என்றால் என்னவென்று தெரியாதவள்போல் அவள் பரிமளாவின் பக்கம் திரும்பினாள். "உங்க அண்ணன்னு சொன்னது இவரத்தானா?"

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வாக்கியம் காற்றோடு போயிற்று.

"பரிமளா, இங்க வா" என்றார் சாமிதுரை.

வேனுக்குப் பின்னால் போய் நின்றார்கள். அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, நிதானமாகப் பேசினார்.

"எத்தன பேருக்குத் தெரியும்?"

"எனக்கு, இவருக்கு, ஜெயாவுக்கு, சுமதிக்கு..."

"புள்ளைக்கு?"

"எனக்கு முந்தாநாளே தெரியும் மாமா!" என்று கொட்டகையிலிருந்து இலக்கியா கத்தினாள்.

சாமிதுரை தலையை ஆட்டிக்கொண்டார். "நான் என்ன சொல்லியிருந்தேன் உங்கிட்ட?"

"ரூம் பாத்துக்கிட்டுப் போயிடுவேன்னு."

"ஞாபகம் இருக்குல்ல?"

அவ்வளவுதான். டிரைவர் சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாடி அறை காலியாகக் கிடப்பதுபோலவும், படியில் அவர் செருப்பு இல்லாததுபோலவும் பரிமளாவின் கண்ணில் ஓடியது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து இருந்ததையும் தொலைத்துவிட்டோமோ? அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"பாத்துட்டாராக்கா?" என்றாள் ஜெயசித்ரா.

"பாத்துட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"வேனுக்குள்ள ஏறி உக்காந்துட்டாரு."

"ரெண்டு பேருமா?"

"அவரு மட்டுந்தான்டி. நீ போனை வையி."

* * *

லீலாவதி கிளம்பிப் போய்விடுவாள் என்றுதான் பரிமளா எதிர்பார்த்தாள். அவள் போகவில்லை.

"புள்ள அரமண பாக்கணும்னு வந்திருக்கு. பெரியவங்க சோலிய அப்புறம் பாத்துக்கலாம்" என்று இலக்கியாவின் கையைப் பிடித்துப் பள்ளத்தின் ஓரத்துக்குக் கூட்டிப் போனாள். "இங்க பாரு. இந்தச் செங்கல் வரிசை வரைக்கும் சுவரு. இதுக்கு அங்கிட்டு என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல. மண்ணு."

"நல்லாப் பாரு. எல்லா மண்ணும் ஒரே நெறமா?"

இலக்கியா குனிந்து பார்த்தாள். பழுப்பு மண்ணுக்கு நடுவே வெளிறிய பட்டை ஒன்று, சுவர் விட்ட இடத்திலிருந்து கோடு போட்டதுபோல் நேராக ஓடியது.

"அங்கயும் சுவரு இருந்துச்சு. பின்னாடி வந்தவங்க கல்லப் பேத்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. எடுத்த குழியில வேற மண்ணு வந்து ரொம்பிக்கிச்சு. சுவரு போயிடுச்சு, ஆனா அது நின்ன எடம் அப்படியே தெரியுது பாத்தியா? கரண்டியால மெதுவாச் சொரண்டி, தண்ணி தெளிச்சு வுட்டா இன்னும் பளிச்சினு தெரியும். மொத வருசம் எனக்கும் ஒண்ணும் தெரியல. மண்ணு மண்ணுன்னு அள்ளிக் கொட்டினேன். இப்ப கால வச்சாலே தெரிஞ்சிடும்."

"எடுத்த கல்லெல்லாம் எங்க போச்சு?"

கேட்டது இலக்கியா இல்லை. பரிமளா திரும்பினாள். சாமிதுரை எப்போது வேனை விட்டு இறங்கினார் என்று தெரியவில்லை. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

லீலாவதி அவரைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "சுத்துப்பட்டு ஊர்ல வூடு கட்டியிருப்பாங்க. யாரு கண்டா, எங்க வூட்டு அடுப்புமேடையில ரெண்டு கல்லு ராசாவோடதா இருந்தாலும் இருக்கும்."

இலக்கியா கலகலவென்று சிரித்தாள். சாமிதுரையின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

அடுத்த அரை மணி நேரம் அவர் வேனுக்குத் திரும்பவில்லை. லீலாவதி எந்தப் பக்கம் காட்டினாளோ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நான்கடி தள்ளி நடந்தார். எல்லாம் முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொதுவாக, கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"சாப்பாடு நெறைய இருக்கு. ஏரிக்கரையில வச்சுச் சாப்புடலாம். அவங்களும் வரட்டும்."

பரிமளா புருஷனைப் பார்த்தாள். மணிவேல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். பதினைந்து வருஷத் தாம்பத்தியத்தில் முதல்முறையாகச் சரியான இடத்தில் வாயை மூடியிருந்தார்.

* * *

பொன்னேரியில் தண்ணீர் ததும்பிக் கிடந்தது. ஐப்பசி கார்த்திகை மழை இந்த வருஷம் வஞ்சனை இல்லாமல் பெய்திருந்தது. எதிர்க்கரை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வெள்ளைக் கொக்குகள் ஒரு பக்கம், பெயர் தெரியாத வாத்துக் கூட்டம் ஒரு பக்கம். ஏரியை வெட்டிய சோழ ராஜாவும் போய்விட்டான், அவன் அரண்மனையும் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. ஏரி மட்டும் இன்னும் வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

கரைமேல் வேப்பமர நிழலில் ஜமக்காளத்தை விரித்தார்கள். லீலாவதி முதலில் கூச்சப்பட்டு ஒரு கரண்டி சாதம்தான் வாங்கிக்கொண்டாள். வெங்காயத் தொக்கைத் தொட்டு வாயில் வைத்ததும் நிமிர்ந்தாள்.

"இது யாரு செஞ்சது?"

"எங்க அண்ணந்தான்" என்றாள் பரிமளா. "செட்டிகுளத்து வெங்காயம். உரிச்சதும் அவருதான்."

லீலாவதி தட்டை மறுபடி நீட்டினாள். சாமிதுரை தானே எழுந்து தொக்கு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஆனால் அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. இலக்கியா வாத்து எண்ணினாள். மணிவேல் வெயிலைப் பற்றிப் பேசினார், பிறகு மழையைப் பற்றிப் பேசினார், பிறகு பேசுவதற்கு அவருக்கே பருவகாலம் தீர்ந்துபோயிற்று.

கிளம்பலாம் என்று எல்லோரும் வேனில் ஏறினார்கள். நூறு அடி போகவில்லை, எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று கரையை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. பின்னால் இரண்டு டிரெய்லர். அதனால் பின்வாங்க முடியாது. கரையோ ஒரு வண்டிக்குத்தான் அகலம். ஒரு பக்கம் தண்ணீர். மறு பக்கம் கருவை முள் சரிவு. வேன்தான் மதகு வரை கால் கிலோமீட்டர் ரிவர்ஸில் போக வேண்டும்.

"எல்லாரும் எறங்கிக்குங்க" என்றார் சாமிதுரை. "மாப்ள, பின்னாடி நின்னு சொல்லுங்க."

மணிவேல் உற்சாகமாகப் பின்னால் போனார். "வாங்க மச்சான்... வாங்க... ஐயோ இருங்க... லெஃப்ட்ல... இல்ல இல்ல, என் லெஃப்ட்ல..."

வேனின் பின்சக்கரம் தண்ணீர்ப் பக்கத்து விளிம்பில் ஏறியது. கரை மண் கொஞ்சம் பொலபொலவென்று உதிர்ந்து ஏரிக்குள் விழுந்தது. பரிமளா "அண்ணே!" என்று அலறிவிட்டாள்.

டப்!

வேனின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அடி. சாமிதுரையின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

லீலாவதி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்சக்கரத்தருகே நின்றிருந்தாள். "அண்ணே, நீங்க தள்ளிக்குங்க" என்று மணிவேலை ஒதுக்கினாள். "அந்தப் பக்கம் மண்ணு எளக்கமா இருக்கு. முள்ளுப் பக்கமா ஒடிச்சு வாங்க. நான் தட்டுறேன்."

டப் டப்.

வேன் நகர்ந்தது. டப். நின்றது. டப் டப். முள் கிளை கண்ணாடியை உரச, மறுபடி நகர்ந்தது. காலம் காலமாக ஒரே பஸ்ஸில் வேலை பார்த்த டிரைவரும் கண்டக்டரும்போல் இருந்தது அது. அவள் கையைத் தவிர வேறு எதையும் அவர் நம்பவில்லை. தலையை வெளியே நீட்டிக்கூடப் பார்க்கவில்லை. தரையை ஒரு கண்ணும் சக்கரத்தை ஒரு கண்ணுமாகப் பார்த்தபடி அவள் கூடவே நடந்து வந்தாள்.

மதகு மேட்டில் வேன் ஒதுங்கியதும் கரும்பு டிராக்டர்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். போகிற போக்கில் இலக்கியாவுக்கு ஒரு கரும்பையும் உருவிக் கொடுத்தார்.

சாமிதுரை இறங்கினார். நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேராக லீலாவதியிடம் போனார். பரிமளாவும் மணிவேலும் பத்தடி தள்ளி நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழுமே என்று அவர் பார்க்கவில்லை.

"அந்த மெமோவுக்கு, டைம் ஆயிடுச்சு, அதான் நிக்கலன்னு எழுதிக் குடுத்தேன்."

அவள் கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அது பொய்யிங்க. பஸ்ஸுல எடம் இருந்துச்சு. டைமும் இருந்துச்சு. மண்ணு வேலக்காரங்க ஏறுனா சீட்டெல்லாம் அழுக்காவும், வுடுங்கன்னு கண்டக்டர் சொன்னாரு. நானும் சரின்னுட்டேன். மூணு நாளும்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "ரூட்ட மாத்துனதுக்கு அப்புறம் வந்து சொல்லணும்னு நெனைப்பேன். யாருகிட்ட சொல்றது, எங்கன்னு தேடுறதுன்னு தள்ளிப் போட்டுட்டேன். தப்பு எம்மேலதான்."

பிறந்ததிலிருந்து அண்ணனை அறிந்தவள் பரிமளா. அவர் இப்படித் தலை குனிந்து அவள் பார்த்ததில்லை. அவமானமாக இல்லை, ஏனோ பெருமையாக இருந்தது.

லீலாவதி தூசி தட்டுவதை நிறுத்தினாள்.

"பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும். நீங்க எங்கள கண்ணாடியில பாத்தீங்க. பாத்துட்டுத்தான் போனீங்க. டைம் இல்லாம போயிருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன்."

"ம்."

"இப்ப நீங்களும் டைம் ஆயிடுச்சுன்னே சொல்லியிருந்தா, இந்த எடத்துலேருந்தே நடந்து போயிருப்பேன்." அவள் செருகியிருந்த புடவையை எடுத்துவிட்டாள். "மணி மூணாகப் போவுது. என்னைய தா.பழூர்ல கொண்டாந்து வுட்டுடுறீங்களா?"

சாமிதுரை ஓடிப்போய் வேன் கதவைத் திறந்துவிட்டார். ஆமாம், ஓடித்தான் போனார்.

* * *

தா.பழூர் போய்ச் சேரும் வரை இருவரும் வேனில் பேசியது எல்லாம் பாதையைப் பற்றித்தான். "இப்படித் திரும்பணும்", "வேகத்தடை இருக்கு", "அந்த டிரான்ஸ்பார்மர்கிட்ட." ஆனால் பரிமளா கண்ணாடியில் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த முகத்தில் மாடி அறையைக் காலி செய்கிற யோசனை எதுவும் தெரியவில்லை.

ஜெயசித்ராவிடமிருந்து ஏழாவது போன் வந்தது. கட் செய்தாள்.

ஓட்டு வீடு. முன்னால் சின்ன இரும்புக் கேட். வேன் நின்றதும் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபது வயது இருக்கும். அம்மாவின் அதே நேர்ப் பார்வை.

"அமிர்தவல்லி! நீ நாளைக்குத்தான வரேன்னு சொன்ன?" லீலாவதியின் குரல் முதல்முறையாகத் தடுமாறியது.

"லீவு கெடச்சுது. வந்துட்டேன்." அந்தப் பெண் வேனைப் பார்த்தாள், வேனிலிருந்து இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "யாரும்மா இவங்கெல்லாம்?"

காலையிலிருந்து எதற்கும் பதில் வைத்திருந்த லீலாவதி வாயைத் திறந்தாள், மூடினாள். மகளிடம் இன்னும் சொல்லவில்லை என்பது பரிமளாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "நாங்க சுமதிக்கு..." என்று அவசரமாக ஆரம்பித்தாள்.

சாமிதுரை கையைக் காட்டி அவளை நிறுத்தினார். இரண்டடி முன்னால் வந்தார்.

"எம் பேரு சாமிதுரைம்மா. பஸ் டிரைவர். உங்க அம்மாவப் பொண்ணு பாக்க வந்தேன். வரும்போது அது எனக்கே தெரியாது. இப்ப தெரிஞ்சுதான் வந்திருக்கேன். நீ சரின்னு சொன்னா மறுபடி வரேன். வேணாம்னா இப்பவே வண்டிய எடுத்துடுறேன். உங்க அம்மாவ ஒரு வார்த்த தப்பா கேக்க வேணாம்."

தெருவில் சைக்கிளில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். இலக்கியா கரும்பைக் கடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

அமிர்தவல்லி அம்மாவைப் பார்த்தாள். லீலாவதி தரையைப் பார்த்தாள். அகழாய்வுக் குழியில் மண்ணைப் படிக்கிற அந்தக் கண்களுக்கு இப்போது எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"மூணு கேள்வி இருக்கு எனக்கு" என்றாள் மகள். கேட்டைத் திறந்தாள். "உள்ள வாங்க."

எல்லோரும் நகர்ந்தார்கள்.

"அவரு மட்டும்."

லீலாவதி வாசலில் கால் வைத்தாள். "நீயும் வெளிய இரும்மா" என்றாள் மகள்.

கதவு சாத்திக்கொண்டது.

வேன் படிக்கட்டில் பரிமளாவும் லீலாவதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மணிவேல் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளே அமிர்தவல்லியின் குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. அண்ணன் ஏதோ சொன்னார். பிறகு அந்தப் பெண்ணின் சிரிப்பு.

"ஒண்ணு ஆச்சு" என்றார் மணிவேல்.

மறுபடி குரல். இந்தத் தடவை அண்ணன் கொஞ்சம் நீளமாகப் பேசினார். மறுபடி சிரிப்பு, இரண்டு பேரும் சேர்ந்து. லீலாவதி தன்னை அறியாமல் பரிமளாவின் கையைப் பிடித்திருந்தாள். உழைத்துக் காய்த்துப்போன கை, சில்லென்று இருந்தது.

"ரெண்டு."

மூன்றாவது கேள்விக்கு உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மணிவேல் நடப்பதை நிறுத்தினார்.

கதவு திறந்தது. சாமிதுரை வாசலில் நின்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"பரிமளா, நீ உள்ள வா" என்றார். "இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. நீதான் சொல்லணும்."